அறிந்த பின் தீர்ப்பு

பினாங்கின் பாலிக் பூலாவ் தோப்புக் கொட்டகைகளில் உள்ளங்கை அகலச் சிலந்தியொன்றைக் கண்டால் நம் கை உடனே விளக்குமாற்றைத் தேடுகிறது. பெரிதாயிருப்பது கொல்லப் போதிய குற்றமாகுமா?

முதலில் அது எதுவென்று அறிவோம். தட்டையான உடலும் பழுப்பு நிறமுமாய், வலை பின்னாமல் சுவரில் பக்கவாட்டில் விரைந்தோடினால், அது வேட்டைச் சிலந்தி. ஸ்வீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1767-ல் அதற்குப் பெயரிட்டார். இரவில் கரப்பான் பூச்சிகளைப் பிடித்துண்டு நமக்கு உதவுகிறது. உடலடியில் வட்டத் தட்டுப்போல் அது சுமந்து திரிவது தன் முட்டைப்பை. நெருக்கினால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. மரங்களுக்கிடையே பொன்னிற வலை கட்டித் தொங்குவது வேறு இனம். நிலத்தில் வளை தோண்டி வாழும் மயிரடர்ந்த சிலந்தி மற்றொன்று. அதனிடம் கை நீட்டலாகாது.

அஞ்சுவது பாவமன்று. தீங்கைத் தடுப்பது கடமையுங்கூட. ஆனால், தீங்கு வருமென்ற வெறும் ஊகத்துக்காக உயிரைப் பறிப்பது வேறு. திருமறையின் 29-ஆம் அத்தியாயம் சிலந்தியின் பெயரையே தாங்கியிருக்கிறது. 49-ஆம் அத்தியாயமோ, தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படியும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த வேண்டாமென்றும் எச்சரிக்கிறது.

சகோதரர்களே! சுவரிலுள்ள சிலந்தியை விசாரியாமல் ஓங்கும் கை, அண்டை வீட்டாரைப் பற்றிய வதந்தி வந்தாலும் அதே வேகத்தில் ஓங்கும். விளக்குமாற்றை எடுக்குமுன் ஒருமுறை உற்று நோக்குவோம். அகன்ற கிண்ணத்தால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, தோப்பில் விட்டுவிடுவோம்.