ஏட்டில் ஏறாத சாவு

அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் ஜிப்மரில் இறந்தால் அந்தச் சாவு அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து ஏட்டில் ஏறாது. மருத்துவமனை இருப்பது உழவர்கரை நகராட்சி எல்லையில், பதிவும் அங்கேதான். சட்டம் கேட்பது இறந்த இடத்தை, சொந்த ஊரை அல்ல. எனவே கொம்யூன் ஏட்டை மட்டும் புரட்டி, கொரோனாவில் இங்கே இத்தனை பேர்தான் போனார்கள் என்பவர் பொய் சொல்லவில்லை; காணாததை இல்லாதது என்று எடுத்துக்கொள்கிறார். இன்மையையும் ஓர் அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்ற மீமாம்சகர்கள் அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில்தான், படவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லலாம். வீட்டிலேயே, பரிசோதனை இல்லாமல் இறந்தவரைக் கொரோனாக் கணக்கில் தேடினால் எப்படி அகப்படுவார்?

காட்சி கைவிட்ட இடத்தில் கருதல்தான் வழி. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்தே இருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்வதை அருத்தாபத்தி என்பார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் இதைப் பொருள் என்று குறிக்கிறார். வழக்கமான அளவுக்கு மேல் நேர்ந்த சாவை எண்ணும் மிகைச்சாவுக் கணக்கும் இதே வகை. இந்தியாவில் பதிவான சாவுகள் 2020இல் ஏறத்தாழ 81 லட்சம், 2021இல் 102 லட்சம். ஏற்றம் 21 லட்சம்; 2021 முழுவதற்கும் அரசு கொரோனா என்று எண்ணியதோ சுமார் 3.3 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதால் வந்த ஏற்றம் இது என்பது வலுவான மறுப்பு. தொற்றே இல்லாத 2018க்கும் 2019க்கும் இடையிலேயே பதிவு 7 லட்சம்போலக் கூடியது. அதைக் கழித்தாலும் 14 லட்சம் மிஞ்சுகிறது. இதைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2022இல் இரண்டாண்டுகளுக்குச் சொன்ன 47 லட்சம் நிலைநாட்டப்பட்டதாகச் சொல்ல மாட்டேன். அது கணித மாதிரியின் வழியே வந்த எண், அரசு மறுத்ததும் அதைத்தான். ஆனால் மாதிரியில் குறை காண்பதும் சாவே இல்லை என்பதும் ஒன்றல்ல.

அவர்கள் செத்தது சர்க்கரையால், இதயத்தால் என்பது அடுத்த மறுப்பு. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்தம் பிரிப்பது ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதற்கல்ல. மருத்துவர் நிரப்பும் இறப்புக்காரணப் படிவமும் உடனடிக் காரணம், அதற்கு முந்தியது, உடனிருந்த பிற நோய் என்று தனித்தனி வரி கேட்கிறது. எல்லாம் விதி, எண்ணி என்ன ஆகப்போகிறது என்பவர் இதைவிட ஆழமாகப் பேசுவதுபோலத் தோன்றும். ஆனால் வினை சடம், தானே வந்து பற்றாது என்பது சைவர் கொள்கை. ஊழ் வந்த வழி எது என்ற கேள்வி அப்போதும் நிற்கும். எண்ணியதால் ஆனது உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி, தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்றானதும், சுமார் 10,000 சாவையே ஒப்புக்கொண்டிருந்த குஜராத் 2022 தொடக்கத்துக்குள் 68,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்களை ஏற்றது.