பிள்ளை பிடிக்கும் பிள்ளைகள்

பாலியல் வியாபாரத்துக்கு ஆள் சேர்ப்பவர் என்றதும் எமது மனதில் வருவது நடுவயதுடைய, முரட்டு ஆண் ஒருவன். கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் 2012இல் கைதானவர்களோ பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் மூவர். சமூக வலைத்தளத்தில் நட்பாகக் கதைத்து, வீட்டுக்கு அழைத்து, வந்த பிள்ளைகளை அடித்தும் மிரட்டியும் ஆண்களிடம் அனுப்பினார்கள் என்பது வழக்கு. மூவரில் முன்னின்றவருக்குச் சம்பவ காலத்தில் வயது 15. அவருக்கு 2014 நவம்பரில் நீதிமன்றம் வளர்ந்தவருக்குரிய தண்டனையாக ஆறரை ஆண்டு விதித்தது.

இப்படியான வழக்குகள் பற்றி எம்மவரிடையே பேச்சு வந்தால் இரண்டு பதில்கள் கிடைக்கும். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பது ஒன்று. "இதுகளை வெளியில விடவே கூடாது" என்பது மற்றது. இரண்டுமே கேள்வியிலிருந்து தப்பியோடும் வழிகள் என்று நாம் கருதுகிறோம்.

கனடாவின் இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. 12 முதல் 17 வயது வரையானோருக்கு அது பொருந்தும். கொலை தவிர்ந்த குற்றங்களுக்கு இளையோர் தண்டனை மூன்று ஆண்டுகளைத் தாண்டாது. இளையோரின் தார்மீகப் பொறுப்பு குறைவானது என்பதை அடிப்படை நீதிக் கோட்பாடாக உச்ச நீதிமன்றம் 2008இல் ஏற்றது. வளர்ந்தவருக்குரிய தண்டனை வேண்டுமெனில் அதற்கான காரணத்தை அரச தரப்பே நிறுவ வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஆட்கடத்தலில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை "ஓம்" என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சம்மதம் சட்டத்தில் செல்லாது. அதே வயதுடைய ஆள்பிடித்த பிள்ளையின் செயலுக்கு மட்டும் அவளைப் பொறுப்பாக்குவது எப்படி? முரண்பாடு போலத்தான் தோன்றுகிறது. ஆனால் 15 வயதில் தன் வாழ்வில் எதை இழக்கிறோம் என்று அளக்கத் தெரியாத பிள்ளைக்கும், எதிரில் நிற்பவள் அழுகிறாள் என்பது தெரியும். அந்த அறிவு போதும், குற்றத்தைக் குற்றமென்று சொல்ல.

தண்டனையின் அளவு வேறு கேள்வி. ஆள்பிடிப்பவளே முன்னர் பிடிக்கப்பட்டவளாக இருக்கலாம். ஒரு பெண்பிள்ளையை இன்னொரு பெண்பிள்ளை இலகுவில் நம்புவாள் என்பது வியாபாரிக்குத் தெரியும். பொலிஸ் வந்தால் அகப்படுவதும் அவளே. ஐரோப்பிய கவுன்சிலின் 2005ஆம் ஆண்டு ஆட்கடத்தல் எதிர்ப்பு உடன்படிக்கை, கடத்தப்பட்டவர் கட்டாயத்தின் பேரில் செய்த குற்றங்களுக்குத் தண்டனை விதிக்காதிருக்க இடம் வைக்கும்படி நாடுகளைக் கேட்கிறது. ஆகவே, யார் அனுப்பியது, மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி கேட்டே ஆகவேண்டும்.

இந்தக் கேள்வி எமக்குப் புதிதல்ல. எமது போரில் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பிள்ளைகளே வந்ததைக் கண்டவர்கள் எம்மிடையே உள்ளனர். ஆயுதம் தூக்கினாலும் அது பிள்ளைதான் என்று உலகத்துக்குச் சொன்னோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. அந்தத் தயக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு பிள்ளைக்குக் காட்டும் இரக்கத்தின் விலையை இன்னொரு பிள்ளையிடம் அறவிடக் கூடாது.

அப்படியானால் செய்யவேண்டியவை சில உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளை திரைக்குப் பின்னாலிருந்தோ வேறு அறையிலிருந்தோ சாட்சி சொல்லக் கனடாச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அது ஒவ்வொரு வழக்கிலும் அவளுக்குக் கிடைக்கவேண்டும். ஆள்பிடித்தவளுக்குத் தண்டனையோடு படிப்பும் சிகிச்சையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காசு கொடுத்து வந்த ஆண்களைத் தேடவேண்டும். குற்றவாளிக் கூண்டிலும் சாட்சிக் கூண்டிலும் பிள்ளைகளே நிற்க, வளர்ந்தவர்கள் வீட்டில் உறங்கினால் அது அரை நீதி.

பாதியில் விட்ட பல்கலைக்கழகப் படிப்போடு வந்து, கோப்பை கழுவி இரண்டு வேலை பார்க்கும் எமக்கும் இதில் பங்குண்டு. எமது பிள்ளைகளும் இதே நகரங்களில்தான் வளர்கிறார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெயரை வெளியிடக்கூடாது என்று நீதிமன்றம் பத்திரிகைகளுக்குத் தடை போடுகிறது. கடைத்தெருவிலும் கலியாண வீட்டிலும் அவர்களைப் பற்றி நாம் கதைப்பதற்கு அந்தத் தடை எட்டாது. அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.