அங்கம் குறைந்தால் கடமை குறையுமா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திண்டுக்கல்லிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் உத்ஸவ சேவைக்கு எழுந்தருளியிருக்கும் பாகவதர்களுக்கு அடியேனின் விண்ணப்பம்.

விபத்தில் காலிழந்த ஒருவர் மீண்டும் தம் தொழிலுக்குத் திரும்பினால், அத்தொழில் நிறைவுடையதாகுமா? "அவர் கர்மவினை அது, இனி ஓய்ந்திருப்பதே நலம்" என்று சொல்லிப் போவோர் நம்மிடையே உண்டு.

ஜைமினி மஹரிஷியின் பூர்வமீமாம்ஸையில், ஆறாம் அத்யாயத்தில், ஒரு விசாரம் உண்டு. உடலைப் போலவே வேள்விக்கும் அங்கங்கள் உள. பலனை விரும்பிச் செய்யும் காம்ய கர்மத்தில் எல்லா அங்கங்களும் நிறைந்திருத்தல் வேண்டும். கடமையாக விதிக்கப்பட்ட நித்ய கர்மத்திலோ, ப்ரதானத்தை விடாமல் இயன்ற அங்கங்களோடு செய்தாலே போதும். அங்கம் குறைந்ததென்று கர்மத்தையே கைவிடலாகாது. வேள்விக்குச் சொன்ன இந்த 'யதாசக்தி' நெறியை வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது அடியேனின் எண்ணம்.

நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் பதின்பருவத்தில், 1981ஆம் ஆண்டு, திருச்சிராப்பள்ளிக்கு அருகே பேருந்து விபத்தில் சிக்கினார். புண் அழுகியதால் வலக்கால் முழங்காலுக்குக் கீழே துண்டிக்கப்பட்டது. ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேதி செயற்கைக் கால் பொருத்தினார். பயிற்சியில் குருதி கசிந்தது, அவர் நிறுத்தவில்லை. 1984இல் பம்பாய் மேடையில் மீண்டும் ஆடினார்.

அவர் உறுதி பெரிதே. ஆயினும் அது மட்டும் போதுமாயிற்றா? 'ஜெய்ப்பூர்க் கால்' எனப்படும் அதனைச் சேதியுடன் சேர்ந்து உருவாக்கியவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். வெறுங்காலுடன் நடக்கவும் சம்மணமிட்டு அமரவும் ஏற்றதாக, ரப்பரும் மரமும் கொண்டு அது சமைக்கப்பட்டது. பெருமாள் திருவடி கானகத்திலிருக்க, பதினான்கு ஆண்டுகள் பாதுகையன்றோ நாடாண்டது? வேதாந்த தேசிகன் அதனை ஆயிரத்தெட்டு ச்லோகங்களால் போற்றினார். பாதத்தின் பணியை ஏற்றது எதுவோ, அதற்கும் பாதத்தின் பெருமை உண்டு.

நம் ஊரில் பூட்டுப் பட்டறைகளும் தோல் பதனிடும் சாலைகளும் உள. சந்தையில் மூட்டை சுமப்போர் உளர். கால் முறிந்து பல மாதம் கிடந்து மீண்டவன் வாயிலில் வந்து நிற்கிறான். "முன்போல் சுமப்பாயா?" என்று கேட்பது காம்யக் கணக்கு. "உன்னால் இயன்றது எது?" என்று கேட்பதே தர்மம். நின்று அரம் பிடித்தவன் அமர்ந்தும் பிடிக்கலாம். சுமந்தவன் எடை பார்க்கலாம். அரசுப் பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்தவரை நீக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. பட்டறை முதலாளிக்கு மனச்சாட்சியே அவ்விதியாகட்டும்.

ஒன்றை மறத்தலாகாது. 'யதாசக்தி' என்பதில் சக்தி என்ற சொல்லும் உண்டு. திரும்ப இயலாதவனிடம் சுதா சந்திரனைச் சுட்டிப் பழிப்பதும் பாவமே. அவரவர் வினையை அளப்பவன் எம்பெருமான். கை கொடுப்பதே நம் கைங்கர்யம்.

சுபம்.