விபீஷணனுக்குக் கிடைத்த இடம்



இலங்கையை விட்டுப் புறப்பட்ட விபீஷணாழ்வான், பெருமாள் எழுந்தருளியிருந்த கடற்கரையை வந்தடைந்தும் தரையில் இறங்கவில்லை. தன்னைத் தொடர்ந்த நால்வரோடும் ஆகாயத்திலேயே நின்றான் என்பது வால்மீகி பகவான் காட்டும் காட்சி. பெண்டு பிள்ளைகளையும் உடைமைகளையும் துறந்து வந்தவன் அவன். விட்டு வந்த கரையில் அவனுக்கு இனி இடமில்லை. வந்தடைந்த கரையிலோ இன்னும் இடம் கொடுப்பாரில்லை. கால் பாவ ஒரு சாண் நிலமின்றி நின்ற அந்நிலையை நினைத்தால், வீடற்றவன் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மகாராஜரான சுக்ரீவன் அப்போது கூறிய தடைகளைப் பழிப்பதற்கில்லை. பகைவனுடைய தம்பி, வந்த காலமோ போர்க்காலம், உடன்பிறந்தானையே விட்டு வந்தவன் நாளை யாரை விடமாட்டான்? பொறுப்புள்ள எவரும் கேட்கக்கூடிய கேள்விகளே இவை. அங்கதன், சரபன், ஜாம்பவான் முதலானோரும் ஐயுற்றும் ஆராய்ந்தும் பேசினர். திருவடி ஒருவரே அவனை ஏற்கலாம் என்று விண்ணப்பித்தார். பெருமாள் எல்லாவற்றையும் கேட்டருளி, முடிவில் எடுத்துக்காட்டியது ஒரு புறாவின் கதையை.

அக்கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் விரிவாக உள்ளது. பெருமழையில் நனைந்து, குளிரில் விறைத்து, வீடு சேர வழியறியாத வேடன் ஒருவன் ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறான். அன்று பகல் அவன் பிடித்துக் கூண்டில் அடைத்தது அம்மரத்திலேயே வாழும் புறாவின் பேடையை. கூண்டிலிருந்த பேடையே தன் கணவனிடம், "நம் மனைக்கு வந்தவன் குளிராலும் பசியாலும் வாடுகிறான், அவனைக் கவனியும்" என்கிறது. ஆண் புறா சருகு சேர்த்துத் தீ மூட்டுகிறது. வேறு உணவில்லாமையால் அத்தீயில் தானே விழுகிறது. வேடன் மனம் திருந்தியது அதற்குப் பின்னர்தான். அவன் முன்பே திருந்தியிருக்க வேண்டும் என்று புறா காத்திருக்கவில்லை. பறவையே இவ்வளவு செய்யுமாயின் ரகுகுலத்தில் வந்தவன் செய்ய வேண்டியது யாது என்பதே பெருமாளின் திருவுள்ளம்.

அபயம் என்ற வார்த்தை பிறந்த பின்னரே விபீஷணன் வானத்திலிருந்து மண்ணில் இறங்கினான். இலங்கையின் பலாபலங்களைப் பெருமாள் வினவியதும் ஏற்றுக்கொண்ட பிறகே. உடனே இளைய பெருமாளைக் கொண்டு கடல்நீர் வரவழைத்து அவனுக்கு இலங்கை அரசனாக முடிசூட்டியும் வைத்தார். அப்போது அணை கட்டப்படவில்லை, போர் தொடங்கவில்லை, விபீஷணன் ஓர் உதவியும் செய்து காட்டவில்லை. இடம் முதலில், மற்றவை பிறகு. இவ்வரிசையின் அருமையை உணர்ந்தே ஸ்வாமி தேசிகன் இச்சரணாகதி ஒன்றுக்காகவே அபயப்ரதான ஸாரம் என்ற தனி கிரந்தத்தை அருளிச்செய்தார். இடம் கொடுத்தவரோ, தமக்கே மாளிகையின்றிக் காட்டில் பர்ணசாலை கட்டி வாழ்ந்தவர்!

உலகியலில் இவ்வரிசை நெடுங்காலம் தலைகீழாகவே இருந்து வந்தது. தெருவில் கிடப்பவன் முதலில் இரவுக் காப்பகத்தில் ஒழுங்காக இருந்து காட்ட வேண்டும். பிறகு குடியை விட வேண்டும். மருந்தைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். வேலை தேட வேண்டும். இப்படிகளில் எல்லாம் ஏறியவனுக்கே முடிவில் வீடு. ஒரு படி சறுக்கினால் மீண்டும் தெரு. உறங்க இடமில்லாதவன் உடல்நலம் பேணுவதெங்ஙனம்? விலாசம் இல்லாதவனுக்கு ரேஷன் அட்டை கிடைப்பதே அரிது. தலைமாட்டில் வைத்த பையும் விடிவதற்குள் களவு போகும். இந்நிலையில் அவன் நல்லவனாகிக் காட்டட்டும் என்பது, சுக்ரீவன் தானும் கேட்காத கேள்வி.

1992-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஸாம் ஸெம்பெரிஸ் என்ற உளவியலறிஞர் இவ்வரிசையை மாற்றினார். மனநோயோடு தெருவில் வாழ்ந்தவர்களுக்கு நிபந்தனையின்றி முதலில் வீடு; அதன்பின் அவர்கள் விரும்பும் வகையில் மருத்துவமும் துணையும். குடியை விடவில்லை என்பதற்காக எவரும் வெளியேற்றப்படவில்லை. கனடா நாட்டில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 2,000 பேரைக் கொண்டு இம்முறையை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, முதலிலேயே வீடு பெற்றவர்கள் மற்றவர்களைவிட மிக நிலையாக அவ்வீடுகளில் தங்கினர். பின்லாந்து இதனை 2008 முதல் அரசின் கொள்கையாகவே கொண்டது. அங்கே பழைய காப்பகங்கள் பல, தனித்தனி அறையும் சமையலிடமும் பூட்டும் சாவியும் கொண்ட குடியிருப்புகளாக மாற்றப்பட்டன; குடியிருப்பவர் வாடகைப் பத்திரத்தில் தம் பெயரில் கையொப்பமிடுகிறார். 1987-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 18,000 ஆக இருந்த வீடற்றோர் தொகை 2023-இல் 3,500க்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டில் அது சற்றே ஏறியது என்பதையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

அன்று ஈன்ற கன்றின் மேலுள்ள அழுக்கைப் பசு தன் நாவினால் நக்கித் துடைப்பதை எம்பெருமானின் வாத்ஸல்யத்துக்கு உவமையாகப் பூர்வாசார்யர்கள் காட்டுவர். அவன் குற்றத்தைக் காணாதிருக்கிறானா, அன்றிக் குற்றத்தையே போக்யமாகக் கொள்கிறானா என்று இரு கலையாரும் வழக்கிடுவதுண்டு. அது இங்கே கிடக்கட்டும். கன்று குளித்து வரட்டும் என்று எந்தப் பசுவும் சொன்னதில்லை என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை.

நம் தேசத்தில் 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி வீடற்றோர் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காப்பகம் வேண்டாத ஒன்றன்று. திருக்கோவலூரில் மழையிரவில் முதலாழ்வார்கள் மூவருக்கும் ஓர் இடைகழி தேவைப்பட்டது. ஒருவர் கிடக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று அவர்கள் இடம் பகிர்ந்ததை அறியாத வைஷ்ணவர் இல்லை. ஆயினும் இடைகழி ஓர் இரவுக்கானது. ஆண்டுக்கணக்காக அங்கேயே நிற்கும்படி ஆழ்வார்களிடம் எவரும் கூறவில்லை.

வீடு கொடுப்பதிலும் ஒரு விவேகம் வேண்டும். பஞ்சவடியில் குடில் அமைக்குமுன், நீர்நிலை அருகில் இருக்க வேண்டும், பூவும் சமித்தும் தர்ப்பையும் எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்று பெருமாள் இளைய பெருமாளிடம் சொல்லியே இடம் பார்க்கச் செய்தார். சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தொலைவில் குடியமர்த்தப்பட்டபோது, கூரை கிடைத்தும் பிழைப்பு பறிபோனவர் பலர். வீட்டு வேலைக்கும் மீன் கூடைக்கும் போய்வரப் பேருந்துக்கே கூலியின் பெரும்பங்கு கரைந்தது. சமித்து எட்டாத பர்ணசாலை அது.

1993-இல் சென்னையில் தொடங்கிய பான்யன் என்ற தொண்டு நிறுவனம், தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களை முதலில் இல்லத்தில் சேர்த்துக் காத்தது. குணமடைந்தும் உற்றாரிடம் திரும்ப இயலாதவர்கள் அங்கேயே ஆண்டுகளைக் கழிப்பதைக் கண்டு, 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு பிடித்து, நால்வர் ஐவராகச் சேர்ந்து வாழச் செய்கிறது. துணைக்கு ஓர் உதவியாளரும் உண்டு. முன்பணமும் வாடகையும் கட்டுவதைவிட, வீட்டுக்காரரும் அண்டை அயலாரும் அஞ்சாது ஏற்கும்படி பேசுவதே இத்தகைய பணியில் கடினமானது. சுக்ரீவர்களைச் சமாதானம் செய்வது எக்காலத்திலும் எளிதன்று.

உத்ஸவ காலத்தில் மாடவீதிகள் தூய்மை செய்யப்படுகின்றன. கோபுர வாசலிலும் தேரடியிலும் நாள்தோறும் படுத்துறங்குபவர்கள் அந்தப் பத்து நாளும் எங்கே போகிறார்கள் என்று விசாரிப்பார் அரியர். பெருமாள் புறப்பாடு கண்டருளும்போது வீதியிலுள்ளோர் வாசல் தெளித்துக் கோலமிட்டு, கற்பூரத் தட்டோடு தத்தம் படியில் நின்று எதிர்கொள்கின்றனர். வாசலே இல்லாதவன் கூட்டத்தின் பின்னே நின்று சேவிக்கிறான். வாடகை வீடு கிடைத்துக் குடிபுகுந்த பெண்ணுக்கு மறுநாள் விடியலில் தெளிக்க ஒரு வாசல் இருக்கிறது. என்றேனும் புறப்பாடு அத்தெரு வழியே வருமாயின், தட்டை ஏந்தி நிற்க ஒரு படியும் இருக்கிறது.