தோலைத் தொடும் கை

முயலை அறுத்தால் கறி சட்டிக்கு, குடல் நாய்க்கு, தோல் தேயிலைக் காட்டுக்குள். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் எங்கள் பக்கத்து லயங்களில் இதுதான் வழக்கம். காம்பராவுக்குப் பின்னால் மரப்பெட்டி அடித்து, கோவா இலையும் கிழங்குக் கொடியும் போட்டு, பிள்ளைகள் மடியில் வைத்துத் தடவி வளர்த்த முயல் அது. மாதக்கணக்கில் தடவிய அதே மயிரைத்தான் அறுத்த அன்றே உரப்பையில் சுருட்டி வீசுகிறோம். கொல்லலாமா கூடாதா என்ற கேள்வியை நான் இங்கே எடுக்கவில்லை. கொன்றாயிற்று. கொன்ற பிறகு அந்த உயிருக்கு நாம் பட்ட கடன் என்ன? கறி ருசியாக இருந்தது என்று சொன்னால் கடன் அடைந்துவிடுமா?

தோலுக்குத் தேவை இல்லாத ஊராக இருந்தால் சமாதானம் சொல்லலாம். தையில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை பிடித்தால் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் காயாது. இந்தக் குளிருக்கு நம் பாட்டன் பூட்டிகள் வைத்திருந்தது ஒரு கம்பளி. அதையும் தோட்டம் கடனுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களுக்குக் கைகால் விறைக்கிறது. கைக்குழந்தையின் முதுகுக்கு அடியில் விரிக்க, சப்பாத்துக்குள் வைக்க, காதை மூட என்று ஒரு முயல் தோலுக்கு எத்தனையோ வேலை இருக்கிறது. இருந்தும் எறிகிறோம்.

தெரியாமல் எறிகிறோம் என்று நான் நினைக்கவில்லை. தோலைத் தொடுவது ‘அவர்கள்’ வேலை என்று நம் மனதில் எழுதி வைத்திருக்கிறது. அது கடல் கடந்து வந்த சாதி எழுத்து. பெரியபுராணத்தில் நந்தனார் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், யாழுக்கு நரம்பு கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே போகிறது, அவர் வெளியே நிற்கிறார். உள்ளே இருக்கிற சாமியோ புலித்தோலை உடுத்தியவர். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றிப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகத்திலும் இதே கதைதான். மேடையில் ஒலிப்பது மாட்டுத் தோல். அதை மூட்டுகிற கைக்கு மேடையில் இடமில்லை.

தோட்டத்திலும் அப்படித்தான் வைத்தோம். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் எழுப்பியது தப்பு என்கிற பறை. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு வேண்டும், செத்த வீட்டுக்கும் தப்பு வேண்டும். பிறகு, அடித்தவர் இஸ்தோப்பு ஓரத்தில் தனிக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்க வேண்டும். இப்போது அந்தக் கோப்பைகள் பெரும்பாலும் போய்விட்டன. தோல் மீதான அருவருப்பு மட்டும் போகவில்லை.

நான் தோல் பாடம் பண்ணக் கற்றுக்கொள்ளப் போனது எங்கள் மலையில் தப்புக் கட்டுகிற தாத்தா ஒருவரிடம். அவருக்கு இது பெரிய ஆச்சரியம். “முசல் தோலு தப்புக்கு ஆகாது தம்பி, ரெண்டு அடியில கிழிஞ்சிரும்” என்றார். தப்புக்குத் தோலில் சுண்ணாம்பு பூசி மயிரை உதிர்த்து, புளியங்கொட்டைப் பசை தடவி வளையத்தில் இழுத்து ஒட்டுவார்கள். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். மயிர் உதிரவே கூடாது. ஆனாலும் தோலின் குணம் அவர் விரலுக்குத் தெரியும்.

உரித்த சூட்டோடு உட்பக்கம் முழுக்கக் கல் உப்பைத் தேய்க்க வேண்டும். தாமதித்தால் அழுகல் மயிர்க்காலுக்கு இறங்கி, பிறகு மயிர் கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். அடுத்தது உப்பும் படிகாரமும் கரைத்த தண்ணீர். ஒரு வாரத்துக்கு மேல் ஊற விட்டு, தினமும் புரட்டிவிட வேண்டும். அந்த ஊறலில்தான் உள்சவ்வு தளர்கிறது. ஓரத்தில் நகத்தால் கிள்ளித் தூக்கினால், வெள்ளையாக, ஈரத் தாள் மாதிரி, ஒரே இழுப்பில் பாதித் தோலுக்குக் கழன்று வரும். வயிற்றுப் பக்கம் மெல்லிசு, அங்கே அவசரப்பட்டால் ஓட்டை. அலசி நிழலில் போட்டு, முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது பலகை விளிம்பில் இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். நீலம் பாய்ந்த தோல் இழுக்க இழுக்க வெளுத்து மெத்தென்று ஆகும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் விறைத்துவிடும். தாத்தா கன்னத்தில் வைத்துத்தான் பதம் பார்க்கிறார். விரல் காய்த்துப் போனவர்களுக்குக் கன்னம்தான் நிஜம் சொல்லும் என்கிறார். ஊறவைத்த தண்ணீரைச் செடியடியில் கொட்டக் கூடாது, உப்பு வேரைக் கருக்கும். ஓடையிலும் கூடாது. கீழே கெஹெல்கமு ஓயா, அதற்கும் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம்.

படிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. தோலை நன்றாக நனைத்தால் அது கரைந்து போய்விடும், தோல் மறுபடி பச்சைத் தோலின் குணத்துக்குத் திரும்பும். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் இது சின்ன விஷயமல்ல. அடுப்புக்கு மேலே உயரமாகக் கட்டிப் புகை காட்டினால் தோல் நனைந்தாலும் ஓரளவு மென்மையோடு இருக்கும். லயத்து அடுப்புப் புகை கண்ணுக்குக் கேடு, தோலுக்கு நல்லது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பட்டைத் துவர். தமிழ்நாட்டுத் தரையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். மலையில் அவை இல்லை, சீகை மரம் இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்திலும் நீலகிரி, கொடைக்கானலிலும் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து நட்ட மரம். அதன் பட்டைதான் உலகத்துத் தோல் தொழிலுக்குப் பெரிய துவர்ச் சரக்கு.

அந்தப் பட்டையை நினைத்தால் எனக்கு வேறொன்று கண்முன் வருகிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் சிலர் கொடைக்கானல் மலையில் சீகை வெட்டி, பட்டை உரிக்கும் கூலிகள் ஆனார்கள். முன்பணத்தில் சிக்கிக் கொத்தடிமையாகக் கிடந்தார்கள். நம் சொந்தங்கள் உரித்த பட்டையில் யாருக்கோ சப்பாத்து ஊறியது. அதே மலையில் மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முயலும் வளர்த்துக் குடியானவர்களுக்குக் கொடுக்கிறார்கள். முயலும் சீகையும் குளிரும் நம் ஆட்களும் ஒரே மலையில் இருந்தும், ஒரு தோல் அந்தக் கூலிக் குழந்தையின் முதுகுக்கு வந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். வந்திருக்காது. தோலின் சுகம் ஒரு பக்கமும் அதன் விலை இன்னொரு பக்கமும் போய்த்தான் பழக்கம். ஐரோப்பாவில் முயல் மயிரில் தொப்பி செய்தவர்கள், அந்த மயிருக்குப் போட்ட பாதரசத்தில் கை நடுங்கிப் புத்தி கலங்கினார்கள். தோல் ஆலைக் கழிவில் பாலாற்றுக் கரை நிலங்கள் கெட்டு, வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் போய் 1996இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு வாளியில் நாமே செய்யும்போது அந்த விலை எவ்வளவு என்று நம் கைக்கே தெரிகிறது. எனக்கு அது முக்கியம்.

என் சிநேகிதர் ஒருவருக்கு இதில் கோபம். “எத்தனை தலைமுறையாப் போராடி அந்த வேலைய விட்டு வெளிய வந்தாங்க, நீங்க போய்த் திரும்பக் கையில குடுக்கறீங்களா?” என்று கேட்டார். நியாயமான கோபம். தப்பைத் தொடமாட்டேன் என்று எழுந்து போன இளைஞர்கள் இங்கேயும் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். தொட்டே ஆக வேண்டும் என்று பிறப்பிலேயே கட்டி வைத்ததுதான் கொடுமை. அதனால்தான், தொட வேண்டிய கட்டாயமே இல்லாமல் வளர்ந்த குடும்பங்கள் இப்போது உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. எங்கள் வீட்டுப் பலகையில், எங்கள் கையால், எங்கள் வாசலில் அந்த வாடை அடிக்கட்டும். அம்மா முதலில் மூக்கைப் பொத்தினார். இப்போது தோல் இழுக்க ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறார்.

தாத்தா வாரக் கடைசியில் வருகிறார். கதிரையில் உட்கார்ந்து, எங்கள் கோப்பையில் தேத்தண்ணி குடித்து, நான் இழுப்பதைத் திருத்துகிறார். கூலி வேண்டாம் என்றவரைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன், கற்றுக்கொடுப்பது வேலை. கூட வருகிற பேரன் எட்டாம் வகுப்பு. அவன் ஆசையாகப் பலகைப் பக்கம் வந்தால் மட்டும் குரல் மாறுகிறது: “நீ இங்க நிக்காத, புத்தகத்த எடு.” நான் அதில் குறுக்கே பேசுவதில்லை. அவனுக்கு எங்கள் வீட்டில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.