யாருடைய நேரம் சரியில்லை?

சாவு வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். “அவருக்கு நேரம் முடிஞ்சுபோச்சு, நாம என்ன செய்ய முடியும்?” உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தலையாட்டுவார்கள். எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், எத்தனை மணிக்கு டாக்டர் பார்த்தார், எத்தனை மணிக்கு வேறு ஊருக்கு அனுப்பினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் துக்க வீட்டில் எப்படிப் பேசுவது என்று தெரியாதவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

தமிழில் நேரம் என்ற சொல்லுக்குக் கடிகாரப் பொருளும் உண்டு, கிரகப் பொருளும் உண்டு. காரைக்கால்காரர்களுக்கு இரண்டாவது பொருள் கொஞ்சம் கூடுதல் பழக்கம். நேரம் சரியில்லாதவர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து நளதீர்த்தத்தில் முழுகிவிட்டுப் போகிற திருநள்ளாறு பக்கத்திலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 20-ஆம் தேதி மாலை 5.20 மணிக்குச் சனிப்பெயர்ச்சி என்று நிமிடம் வரை குறித்து முன்கூட்டியே அறிவித்தார்கள். தடுப்புக் கட்டை, போலீஸ், குடிதண்ணீர் என்று அரசு இயந்திரமே முன்னால் நின்றது. ஆகவே நிமிடக் கணக்கு வைக்க நமக்குத் தெரியாது என்றோ, பெருங்கூட்டத்தை வரிசையில் நிறுத்தத் தெரியாது என்றோ யாரும் சொல்ல முடியாது. ஒரு கோள் ராசி மாறுகிற நிமிடம் நமக்குத் தெரிகிறது. கேஷுவாலிட்டி வாசலில் ஒரு கிழவி வந்து உட்கார்ந்த நிமிடம் தெரிவதில்லை.

அந்தக் கிழவியை நான் பார்த்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், மார்கழி மாதம், ராத்திரி பத்து மணி இருக்கும். பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிறது என்று டெல்டாவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தோம். சீட்டுப் போட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்த பையன்கள், காய்ச்சல் குழந்தையோடு ஒரு தாய், குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவர், அவருக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நாலு பேர். பக்கத்தில் அறுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, மடியில் மஞ்சள் பையோடு. துணைக்கு வந்த பேரனுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் இருக்காது. “புளிச்ச ஏப்பமா வருது தம்பி, வயித்தைப் பெரட்டுது” என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவரோ முந்தானையால் கழுத்தையும் நெற்றியையும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் என்ன செய்தேன்? தெரிந்த கட்சிக்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் யாருக்கோ போட்டார். ஐந்து நிமிடத்தில் பெரியப்பா உள்ளே. இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை, வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். நாங்கள் வெளியே வந்தபோது அந்த அம்மா அதே பெஞ்சில் இருந்தார். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். மாரடைப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர். பேரன் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அவர் பிழைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. பிழைக்காமல் போயிருந்தால் அவர் வீட்டிலும் நேரம் முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த நேரத்தில் இருபது நிமிடம் நான் எடுத்தது.

வயதான பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல சமயம் நெஞ்சுவலியாக வருவதில்லை. வியர்வை, குமட்டல், தாடை வலி, காரணம் தெரியாத அசதி என்று வரும். சந்தேகம் இருந்தால் வந்த பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விதி. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வயலில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து தாமதமாகத் தாமதமாகச் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இதைக் கணிக்க ஜாதகம் வேண்டாம், சுவர்க் கடிகாரம் போதும்.

காத்திருக்க வைப்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. முழங்கால் சிராய்த்தவர் காத்திருக்கலாம், காத்திருக்கத்தான் வேண்டும். யார் காத்திருப்பது என்பதை எது முடிவு செய்கிறது என்பதே என் கேள்வி. இதற்கு ஒரு முறை இருக்கிறது. டிரியாஜ் என்பார்கள். தரம் பிரிப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வைத்தார். தளபதியா சிப்பாயா என்று பார்க்கவில்லை, எதிரிப் படைக்காரனையும் அதே வரிசையில் வைத்தார். 1739-இல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் போனார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் இன்றும் இங்கே சில வீடுகளுக்கு வருகிறது. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரு சொல்லை இன்னும் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைக்கான அரசுத் திட்டத்தில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சிபாரிசுப் போன் ஒன்று வந்தால் பச்சை சிவப்பாகிவிடும். கோயிலில் காசு கொடுத்தால் சிறப்பு தரிசனம், ஆபீசில் ஆள் தெரிந்தால் உடனே கையெழுத்து என்று பழகிய மூளை, ஆஸ்பத்திரி வாசலிலும் அதே குறுக்குக் கதவைத் தேடுகிறது. ராத்திரியில் தனியாகக் கூட்டத்தைச் சமாளிக்கிற டூட்டி டாக்டர் யாருக்குப் பயப்படுவார்? வியர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவருக்கா, சட்டையைப் பிடிக்க வருகிற நாலு பேருக்கா?

புதுச்சேரி அரசின் கீழுள்ள காரைக்காலுக்கு இன்னொரு பாடும் உண்டு. இங்கே முடியாது என்றால் புதுச்சேரி ஜிப்மர் என்பார்கள். சுமார் 130 கிலோமீட்டர். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வழி முழுக்கத் தமிழ்நாட்டு மண். தெற்கே இருபது கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அந்த மாவட்டத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ஒரு நோயாளியை எங்கே அனுப்புவது என்பதை அவருடைய ரத்தக்குழாய் அடைப்பு தீர்மானிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்ட எல்லைக்கோட்டுக்கு அதில் வேலையில்லை. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது.

ஒரு காலத்தில் வாந்திபேதி வந்தால் ஆத்தாளின் கோபம் என்றோம், ஊரைவிட்டே ஓடினோம். 2022 ஜூலையில் காரைக்காலில் நூற்றுக்கணக்கானவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்து, சிலருக்குக் காலரா என்று தெரிந்ததும் புதுச்சேரி அரசு சுகாதார அவசரநிலை அறிவித்தது. பள்ளிகளை மூடினார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், குழாய் உடைப்பைத் தேடினார்கள். நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டு யாரும் வீட்டில் இருக்கவில்லை. காலராவுக்குக் குழாயைத் தேடிய அறிவு, கேஷுவாலிட்டி தாமதத்துக்கு மட்டும் ஏன் தலையெழுத்தைத் தேடுகிறது?

அதே ஆண்டு செப்டம்பரில் காரைக்காலில், விஷம் கொடுக்கப்பட்ட ஒரு பள்ளிச் சிறுவன் இறந்தபோது, சிகிச்சையில் அலட்சியம் என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். யார் மீது எவ்வளவு தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பணியிடை நீக்கமும் ஒருவகைப் பரிகாரம்தான். செய்துவிட்டால் மனசு ஆறிவிடுகிறது. அடுத்த ராத்திரி பெஞ்சில் உட்காருகிறவருக்கு அதனால் ஒரு நிமிடமும் குறைவதில்லை.

1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் காசு கட்டி உயிர் பிழைத்தார். 1996-இல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது அரசியல் சட்டம் தந்த உயிர்வாழும் உரிமையை மீறியது என்றது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உரிய நேரத்தில் என்றால் கடிகார நேரம்தான்.

வந்த நேரம், முதலில் பார்த்த நேரம், ரெஃபர் எழுதிய நேரம், ஆம்புலன்ஸ் கிளம்பிய நேரம். இந்த நாலையும் நோயாளியின் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாதாமாதம் அதை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டச் சொல்லி உங்கள் எம்எல்ஏவிடம் கேளுங்கள். சிபாரிசுக்கு அவரைக் கூப்பிடுகிற உரிமையோடு இதையும் கேட்கலாம். அடுத்த முறை உங்கள் வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த பெஞ்சில் உட்காரும்போது, போனை எடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். யாராவது வியர்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், முதலில் அவருக்காக நர்ஸைக் கூப்பிடுங்கள்.