தோற்கிற உரிமை

முதலாளி ஆவது எப்படி என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க நான் இதை எழுதவில்லை. "இலக்கியப் பத்திரிகையில போய் ஸ்டார்ட் அப், வென்ச்சர் கேப்பிட்டல்னு எழுதப் போறியா, மூளை கீளை குழம்பிப்போச்சா?" என்று ஒரு தோழர் கேட்டார். குழம்பவில்லை. பணம் யாரை நம்புகிறது, எதை வைத்து நம்புகிறது, நம்பி ஏமாந்தால் யாரை மன்னிக்கிறது? இவை அறம் சார்ந்த கேள்விகள். வணிகப் பக்கம் எழுதுகிறவர்கள் இவற்றைக் கேட்கமாட்டார்கள். நாம்தான் கேட்டாக வேண்டும்.

அடகுக் கடைக்காரன் நகை கேட்பான். வங்கி பத்திரம் கேட்கும், ஜாமீன் கேட்கும். துணிகர முதலீடு என்று தமிழில் சொல்கிற வென்ச்சர் கேப்பிட்டல் இது ரெண்டையும் கேட்காது. கம்பெனியில் பங்கு கேட்கும். கம்பெனி பெருத்தால் பங்கும் பெருக்கும். மூழ்கினால் போட்ட பணமும் சேர்ந்து மூழ்கும். பொதுவாகத் தொடங்கியவன் வீட்டை ஜப்தி பண்ண யாரும் வரமாட்டார்கள். அமெரிக்காவில் 1946இல் ஜார்ஜ் டோரியோ என்கிற பேராசிரியரும் சிலரும் சேர்ந்து இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். 1957இல் அந்த நிறுவனம் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற புதுக் கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 டாலர் போட்டது. பத்துப் பன்னிரண்டு வருசத்தில் அது பல ஆயிரம் மடங்காகித் திரும்பியது. அந்த ஒரு கதையின் தைரியத்தில்தான் இந்தத் தொழிலே இன்றைக்கும் ஓடுகிறது. பத்துக் கம்பெனியில் போடு, பெரும்பாலானது போகட்டும், ஒன்று ரெண்டு மொத்தத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிடும் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கம்மாவுக்குத் தெரியும். கூடையில் தவிடு போட்டு, பத்து முட்டையில் கரிக்கோடு கிழித்து அடை வைக்கும். ரெண்டு மூணு கூமுட்டையாகப் போகும். அதுக்காகக் கோழியை யாரும் வைவதில்லை. இன்குபேட்டர் என்ற சொல்லுக்கே அடைகாப்பது என்றுதான் பொருள். அரசுத் தமிழில் தொழில் வளர் காப்பகம். அங்கே இடம் கொடுப்பார்கள், கரண்டும் இணையமும் கொடுப்பார்கள், கணக்கு எழுதவும் சட்டம் சொல்லவும் ஆள் இருக்கும், தொழில் தெரிந்த பெரியவர்கள் வந்து யோசனை சொல்வார்கள். எல்லாத்தையும் விட முக்கியமாக, இன்னார் கதவைத் தட்டு என்று சொல்லி அவரிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவார்கள். அந்தக் கதகதப்பில் பொரித்தது பொரிக்கும், கூமுட்டை கூமுட்டையாகும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் காப்பகத்தில் வளர்ந்த ஏத்தர் என்ற மின்சார ஸ்கூட்டர் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் தொடங்கினார்கள். முதல் வண்டி விற்பனைக்கு வந்தது 2018இல். 2025இல் பங்குச் சந்தைக்குப் போனபோதும் கம்பெனி நஷ்டத்தில்தான் இருந்தது. அந்த இளைஞர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை, நல்ல வண்டி என்றுதான் ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். நான் பார்ப்பது அந்தப் பன்னிரண்டு வருசத்தை. பன்னிரண்டு வருசம் ஒருவரை நம்பி, நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு, 'இன்னும் கொஞ்சம் போடலாம்' என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறதே, அதைத்தான் நான் மூலதனம் என்கிறேன். ரூபாய் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. அதற்கு ஏணி உண்டு. முதல் படி, சொந்தக் கையிருப்பும் அப்பா, மாமா, கூடப் படித்தவன் கொடுப்பதும். இதற்கே அந்தத் தொழிலில் குடும்பமும் நண்பர்களும் போடுகிற சுற்று என்று பெயர். ரெண்டாவது படியில் ஏஞ்சல். நம்ம சேரி சர்ச்சில் வருகிற தேவதூதன் இல்லை. கையில் உபரிப் பணம் உள்ள தனி ஆள். காப்பகம் மூணாவது, அதுக்கு மேலேதான் பெரிய நிதிகள். மேலே இருக்கிறவன் ஒவ்வொரு படியிலும் கீழ்ப்படியைப் பார்த்துத்தான் நம்புகிறான். வீட்டுக்காரனே பணம் போடாதவனுக்கு நான் ஏன் போட வேண்டும் என்று கேட்கிறான். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் விற்றுக் கொடுக்க நம் அப்பனிடம் நிலம் எங்கே இருந்தது? கொடுத்த பஞ்சமி நிலத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நம்முடைய முதல் படி அப்படித்தான் போனது.

மேல்படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் ரகசியமில்லை. 1,000 இந்தியக் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களைக் கணக்கெடுத்து 2012இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் ஓர் ஆய்வு வந்தது. நூற்றுக்கு 93 பேர் மேல்சாதி. தலித்துகளும் பழங்குடிகளும் சேர்ந்து 3.5 சதவீதம். இவர்கள் யாரும் சாதி பார்த்துப் பணம் போடுகிறேன் என்று சொல்வதில்லை. 'ஆளைப் பார்த்துப் போடுகிறேன்' என்பார்கள். ஆளில் எதைப் பார்ப்பார்கள்? பேச்சை, இங்கிலீஷை, படித்த காலேஜை, யார் சொல்லி வந்தான் என்பதை. சாதியை வாயால் சொல்லாமலே சாதியைக் கேட்க இத்தனை வழி இருக்கிறது.

பேரணாம்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. அப்பா தோல் ஷாப்பில் முப்பது வருசம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். பையன் செருப்பு வடிவமைப்பு படித்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு, பாதத்தை அளந்து, புண் வராதபடி மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு செய்வது அவன் யோசனை. இருபது முப்பது பேருக்குச் செய்தும் கொடுத்துவிட்டான். பணம் போடுகிற ஓரிடத்தில் நேர்காணல். அரைமணி நேரம் பேசவிட்டார்களாம். செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்களாம். கடைசியில் ஒருவர், "உங்க குடும்பம் இதுவரைக்கும் எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "என்னைப் படிக்க வச்சிருக்காங்க சார்" என்றிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, "அது இல்லப்பா, பணம்" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவனுக்குக் கோபமே இல்லை. "அவங்க கேட்டது தப்பில்லணா, அந்தக் கட்டத்துல எழுத எங்கிட்ட நம்பர் இல்ல, அவ்ளோதான்" என்றான். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருசம் சுண்ணாம்பில் வெந்த கால் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முதலீடாக வராது.

பாபாசாகேப் கதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் இந்தப் பகுதியை நாம் அதிகம் பேசுவதில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் திரும்பியவர், பிழைப்புக்காகப் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்கிற தொழில் ஒன்று தொடங்கினார். அந்த நகரத்தில் அவ்வளவு படிப்போடு அந்த வேலையைச் செய்ய எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்கிறவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். கடை மூடியாயிற்று. அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. எதிராளியின் நம்பிக்கைதான் இல்லை. சந்தைக்குச் சாதி தெரியாது என்று பேசுகிற நண்பர்கள் இந்தக் கடைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

தனியார் பணம், அவன் இஷ்டம் என்று விட்டுவிடவும் முடியாது. புதுக் கம்பெனிகளில் போடுகிற நிதிகளுக்குப் பணம் கொடுக்க, சிறுதொழில் வங்கியான சிட்பி மூலம் 10,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு 2016இல் கொண்டுவந்தது. 2021இல் காப்பகங்கள் வழியாக விதைநிதி என்று 945 கோடி ஒதுக்கினார்கள். யோசனையைச் செய்து பார்க்க மானியமாகவே 20 லட்சம் வரைக்கும் கொடுத்தார்கள். பொரிக்காமல் போனால் போகட்டும் என்று கொடுத்த பணம் அது. சரி, கொடுக்கட்டும். ஆனால் அதில் சேரி வாங்குகிற சோப்புக்கும் செல்போனுக்கும் கட்டின வரியும் இருக்கிறது. அடுத்தவன் தோற்பதற்கு நாமும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதே அரசாங்கம் நமக்குக் கொடுக்கும்போது எப்படிக் கொடுத்தது? கறவை மாட்டுக் கடன் வாங்கின வீட்டில் கேட்டுப் பாருங்கள். மாட்டுக்குக் காதில் வில்லை அடிப்பார்கள். மாடு செத்தால் அந்த வில்லையோடு போய் நிற்க வேண்டும். வில்லை இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை. மாடு செத்தது உண்மைதானா, இல்லை இவன் விற்றுத் தின்றுவிட்டானா என்ற சந்தேகம் அந்தத் திட்டத்தின் எலும்பிலேயே இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கில் போனால் அதற்குப் பேர் அனுபவம். அடுத்த கம்பெனி தொடங்கும்போது அதையே தகுதியாகச் சொல்லிக்கொள்ளலாம். இங்கே ஒரு மாடு செத்தால் பேர் மோசடி. தோற்றவன் ஒருத்தன், ஆனால் தெருவுக்கே, சாதிக்கே அந்தத் தோல்வியை எழுதிவிடுகிறார்கள். 'இவங்களுக்குக் கொடுத்தா உருப்படாது' என்று ஒரு கிளார்க் சொன்னால் போதும், அடுத்த பத்து மனு அலமாரியில் தூங்கும்.

மாறவே இல்லை என்று சொன்னால் பொய். 2015இல் பட்டியல் சாதியினருக்கென்று ஐ.எஃப்.சி.ஐ. வழியாக 200 கோடியில் ஒரு துணிகர நிதி வந்தது. 2020இல் அதன் கீழ் அம்பேத்கர் பெயரில், காப்பகங்களில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு மூன்று வருசத்தில் 30 லட்சம் வரை பங்காகப் போடும் திட்டம். தமிழக அரசு பட்டியலினத்தவர், பழங்குடியினர் புதுக் கம்பெனிகளில் பங்கு எடுத்துப் பணம் போட 2022இல் 30 கோடி ஒதுக்கி, அடுத்த ஆண்டு 50 கோடியாக்கியது. கடனாகத் தராமல் பங்காகப் போட்டது பெரிய விசயம், கூடச் சேர்ந்து நஷ்டப்படச் சம்மதிக்கிறேன் என்று அர்த்தம். இந்தச் சம்மதம் காகிதத்தில் இருக்கிறது. மனசில் இருக்கிறதா என்று முதல் பத்துக் கம்பெனி மூழ்கும்போதுதான் தெரியும். மூழ்கத்தான் செய்யும், இந்தத் தொழிலின் இயல்பே அதுதான். அன்றைக்குச் சட்டசபையில் எழுந்து நின்று 'பரவாயில்லை, போட்டது போகட்டும், அடுத்த பத்துப் பேரைக் கூப்பிடு' என்று சொல்ல ஓர் ஆள் இருப்பாரா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு, சென்னையில் துப்புரவுத் தொழிலாளர்களைக் கழிவுநீர் வண்டிகளுக்கு உரிமையாளர் ஆக்கினார்கள். குழிக்குள் இறங்கினவர் இன்றைக்கு வண்டிக்குச் சொந்தக்காரர். அந்தக் குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். வெளியே நின்று இளக்காரம் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நம்மை முதலாளியாக நினைத்துப் பார்க்கும்போதும் அவர்கள் கண்ணுக்கு ஏன் சாக்கடையே தெரிகிறது?

"எல்லாம் சரி, உன் தம்பி ஜெயிச்சு முதலாளி ஆனா அவனும் கூலியை இழுத்தடிக்கத்தானே போறான்?" என்கிறார் முதலில் சொன்ன தோழர். அடிக்கலாம். அப்போது அவன் ஷாப் வாசலில் நாம் கொடி பிடிப்போம். ஆனால் அதற்குப் பயந்து இன்றைக்கே அவனை வரிசையிலிருந்து விலகி நில் என்று சொல்ல என்னால் முடியாது. மூலதனத்தை எதிர்க்கிற புனிதத்தைத் தலித் மட்டும் சுமக்க வேண்டும் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. தோழருக்கு இதில் திருப்தி இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார். தம்பி பகலில் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், ராத்திரியில் செருப்பு தைக்கிறான். படிப்புக் கடன் இன்னும் நாலு வருசம் இருக்கிறது.